வெட்டி அடுக்கும் வடிவியல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அட்டையை வெட்டி, துண்டுகளை மாற்றி அடுக்கிக் கணிதம் சொல்லித்தரும் மாதிரிகளை ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் காட்டும்போதெல்லாம் ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வாக்கியத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், வம்பானவை கடைசியில்.

1. வெட்டு மாதிரி என்றால் என்ன? டேன்கிராமும் இதுவும் ஒன்றுதானே?

ஓர் உருவத்தைச் சில துண்டுகளாக வெட்டி, அதே துண்டுகளை வேறு விதமாக அடுக்கி இன்னோர் உருவத்தை உண்டாக்குவதுதான் வெட்டு மாதிரி. துண்டு எதுவும் கூடவில்லை, குறையவில்லை, ஒன்றன்மேல் ஒன்று ஏறவில்லை. ஆகவே இரண்டு உருவங்களின் பரப்பளவும் சமம். பின்னால் வரும் எல்லாப் பதில்களும் இந்த ஒரு வரியின்மேல்தான் நிற்கின்றன.

டேன்கிராம் இதே குடும்பம், ஆனால் விளையாட்டுப் பிள்ளை. ஒரு சதுரத்தை வெட்டிய அதன் ஏழு துண்டுகளை வைத்துப் பூனையும் படகும் செய்யலாம். வெட்டு மாதிரி ஒரே ஒரு கூற்றைக் காட்டவென்று வெட்டப்படுவது. டேன்கிராமைக் கணிதத்துக்குப் பயன்படுத்த விரும்பினால் நடுத்தர முக்கோணம், சிறிய சதுரம், இணைகரம் ஆகிய மூன்றையும் எடுத்து எது பெரியது என்று கேளுங்கள். மூன்றும் முழுச் சதுரத்தில் சரியாக எட்டில் ஒரு பங்கு. வடிவம் மாறினாலும் பரப்பளவு மாறாமலிருக்கலாம் என்பது சிறு வயதிலேயே பிடிபட இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியாது.

2. முதன்முதலாகச் செய்கிறேன். எதில் தொடங்கட்டும்?

முக்கோணத்தின் பரப்பளவில். "அடிப்பக்கம் பெருக்கல் உயரம், அதில் பாதி" என்று எல்லாரும் ஒப்பிப்பார்கள். பாதி எங்கிருந்து வந்தது என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். ஒரு முக்கோணத்தை அதன் மிக நீளமான பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். பாதி உயரத்தில் அடிப்பக்கத்துக்கு இணையாக வெட்டுங்கள். மேலே கிடைக்கும் சிறிய முக்கோணத்தை உச்சியிலிருந்து நேர்கீழாக மறுபடி வெட்டினால் இரண்டு செங்கோண முக்கோணங்கள். அவற்றை அரைச்சுற்று சுற்றி இரு புறமும் இறக்கினால் செவ்வகம் வந்துவிடும். அதன் அகலம் பழைய அடிப்பக்கமேதான், உயரம் மட்டும் பாதி. நீளமான பக்கத்தைக் கீழே வைக்காவிட்டால், விரிகோண முக்கோணத்தில் உச்சியிலிருந்து இறங்கும் கோடு வெளியே விழுந்து இந்த வெட்டு கெட்டுவிடும்.

அடுத்து சரிவகம். பாதி உயரத்தில் ஒரே வெட்டு. மேல் பாதியை அரைச்சுற்று சுற்றிப் பக்கத்தில் ஒட்டினால் இணைகரம். இணையான இரு பக்கங்களை ஏன் கூட்டுகிறோம் என்பது அப்போது கண்முன் கிடக்கும்.

3. எதில் வெட்டுவது? சார்ட் அட்டையா, தெர்மாகோலா?

தெர்மாகோல் வேண்டாம். விளிம்பு உதிரும், துண்டுகள் நெருங்கிப் பொருந்தாது. சார்ட் அட்டை மலிவு, ஆனால் நாலு கைகள் தொட்டதும் மூலை சுருண்டுவிடும். ஸ்டேஷனரி கடைகளில் கிடைக்கும் ஃபோம் ஷீட் நன்றாக உழைக்கும். காசு செலவழிக்க மனமில்லாதவர்கள் வீட்டில் சேர்ந்து கிடக்கும் கல்யாணப் பத்திரிகைகளை எடுக்கலாம். தடிமன் கச்சிதம், பெரும்பாலும் முன்பக்கம் ஒரு நிறம், பின்பக்கம் ஒரு நிறம். இந்த இரு நிறம் ஏழாவது கேள்வியில் கைகொடுக்கும்.

கட்டரை இரும்பு அளவுகோலோடு பயன்படுத்துங்கள். பிளாஸ்டிக் அளவுகோலின் விளிம்பை அது சீவிவிடும். ஒரே அழுத்தில் வெட்டாமல், லேசாக மூன்று முறை இழுத்தால் ஓரம் செங்குத்தாக நிற்கும். சிறு வகுப்பென்றால் கட்டரை நீங்கள் பிடியுங்கள், பிள்ளைகள் அடுக்கட்டும். ஒவ்வொரு மாதிரிக்கும் தனி உறை, ஒவ்வொரு துண்டின் பின்னாலும் மாதிரியின் பெயர். இதைச் செய்யாதவர்கள் அடுத்த ஆண்டு ஒரு பெட்டி நிறைய அநாதைத் துண்டுகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

4. முக்கோணத்தின் மூன்று மூலைகளையும் சேர்த்து வைத்தால் நேர்கோடு வருகிறது. இது நிரூபணம் ஆகுமா?

ஆகாது, ஆனால் நிரூபணத்தின் வாசலுக்குக் கொண்டுபோய் விடும். முதலில் ஒரு குறிப்பு: மூலைகளைக் கத்தரியால் வெட்டாதீர்கள், கையால் கிழியுங்கள். வெட்டினால் துண்டின் மூன்று ஓரங்களும் நேராக இருக்கும். எது முக்கோணத்தின் உண்மையான மூலை என்று பிள்ளைகள் குழம்புவார்கள். கிழித்தால் கரடுமுரடான ஓரம் தனியே தெரியும்.

பொருந்துகிறது என்று கண் சொல்கிறது. ஏன் பொருந்தியே ஆக வேண்டும் என்று கண்ணால் சொல்ல முடியாது. கோணங்களின் கூடுதல் 179 பாகையாக இருந்திருந்தாலும் அட்டையில் அது நேர்கோடாகத்தான் தெரிந்திருக்கும். ஆகவே மூலைகளைச் சேர்த்த பிறகு, உச்சி வழியாக அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு வரைந்து, ஒன்றுவிட்ட கோணங்களைக் காட்டுங்கள். இரண்டு நிமிட வேலை. அந்த இரண்டு நிமிடத்தை விட்டுவிட்டால் பாடம் கைவேலை வகுப்பாகிவிடும்.

5. பிதாகரஸ் தேற்றத்துக்கு நிறைய மாதிரிகள் இருக்கின்றன. எதைச் செய்வது? 3-4-5 கட்டம் போதாதா?

கட்டங்களை எண்ணி 9 + 16 = 25 என்று காட்டுவது ஓர் எடுத்துக்காட்டைச் சரிபார்ப்பது மட்டுமே. எண்ணி முடித்த மாணவிக்குத் தேற்றம் அந்த மூன்று எண்களைப் பற்றியது என்ற நினைப்புதான் மிஞ்சும். கர்ணம் முழு எண்ணாக வராத அளவை எடுங்கள். நான் செங்கோணத்தை அடுத்த பக்கங்களுக்கு 6 செ.மீ., 9 செ.மீ. எடுப்பது வழக்கம். கர்ணம் ஏறத்தாழ 10.8 செ.மீ.

எனக்குப் பிடித்தது பெரிகலின் வெட்டு. ஹென்றி பெரிகல் (1801-1898) லண்டனில் பங்குத் தரகர். 1830 வாக்கில் கண்டுபிடித்த இந்த வெட்டை 1873இல் அச்சில் வெளியிட்டார். எஸெக்ஸில் உள்ள அவரது கல்லறைக் கல்லிலும் அந்தப் படம் பொறிக்கப்பட்டிருக்கிறது. செய்முறை இது: 9 செ.மீ. சதுரத்தின் ஒவ்வொரு பக்கத்திலும், ஒரே திசையில் சுற்றிவந்து, மூலையிலிருந்து 7.5 செ.மீ.யில் புள்ளி வையுங்கள் (6, 9 இரண்டின் கூடுதலில் பாதி). எதிரெதிர்ப் புள்ளிகளை இணைத்து வெட்டினால் ஒரே அளவான நான்கு துண்டுகள். அவற்றைச் சுற்றாமல், திருப்பாமல், அப்படியே நகர்த்தி 6 செ.மீ. சதுரத்தின் நான்கு புறமும் வைத்தால் கர்ணத்தின்மேல் நிற்க வேண்டிய சதுரம் முழுமையாக வந்துவிடும். நடுவில் சந்தித்துக்கொண்டிருந்த செங்கோணங்கள் இப்போது நான்கு வெளி மூலைகள்.

ஏன் பொருந்த வேண்டும்? ஒவ்வொரு வெட்டும் குறுக்கே 9 செ.மீ. போகிறது, அதற்குள் 7.5 − 1.5 = 6 செ.மீ. ஏறுகிறது. ஆகவே வெட்டின் நீளம் கர்ணத்தின் நீளமேதான். புதிய சதுரத்தின் ஒவ்வொரு பக்கமும் இரண்டு அரை வெட்டுகள், அதாவது ஒரு முழு வெட்டு. நடுவில் விழும் இடைவெளியின் பக்கம் 7.5 − 1.5, மறுபடியும் 6. இந்த எண்களுக்குப் பதிலாக எந்த நீளங்களைப் போட்டாலும் கணக்கு இப்படியே ஓடும். மாணவர்கள் துண்டுகளை அளந்து இதைத் தாங்களே கண்டுபிடிக்க விடுங்கள். 12ஆம் நூற்றாண்டின் பாஸ்கரருடைய மாதிரி, அதாவது நான்கு செங்கோண முக்கோணங்களும் நடுவில் ஒரு சின்னச் சதுரமும், செய்வதற்கு இதைவிடச் சுலபம். இயற்கணிதம் கொஞ்சம் பழகிய வகுப்புக்கு அதுவும் நல்லது.

6. போதையனார் பாட்டிலேயே கர்ணத்துக்கு வழி இருக்கிறதே, வர்க்கமூலம்கூட வேண்டாமே! பிதாகரஸ் எதற்கு?

"ஓடும் நீளம் தனை" எனத் தொடங்கும், இணையத்தில் அதிகம் பகிரப்படும் அந்தச் செய்யுளைச் சொல்கிறீர்கள். நீளமான பக்கத்தை எட்டுக் கூறாக்கி, ஒன்றைத் தள்ளி, மற்றப் பக்கத்தின் பாதியைச் சேர்த்தால் கர்ணம் என்பது அதன் பொருள். 3, 4 போடுங்கள்: 3.5 + 1.5 = 5, சரி. 5, 12 போடுங்கள்: 10.5 + 2.5 = 13, சரி. இப்போது 8, 15: 13.125 + 4 = 17.125, ஆனால் கர்ணம் 17. அடுத்து 7, 24: 21 + 3.5 = 24.5, ஆனால் கர்ணம் 25. பக்கங்கள் இரண்டும் 1 என்றால் 1.375 வருகிறது, வர வேண்டியது ஏறத்தாழ 1.414.

சமன்பாடு எழுதித் தீர்த்தால், பக்கங்களின் விகிதம் 3:4 அல்லது 5:12 ஆக இருக்கும்போது மட்டுமே இந்த வழி துல்லியம் என்று தெரியும். எடுத்துக்காட்டாக எல்லாரும் போடுவது அந்த இரண்டையும்தான்! கொத்தனார் மட்டம் பார்க்க நல்ல தோராய வழி, அவ்வளவுதான். பழமையில் பெருமை தேடுபவர்களுக்கு, வேள்வி மேடை அளக்கும் முறைகளைச் சொல்லும் பழைய வடமொழி நூல்களான சுல்ப சூத்திரங்கள் இருக்கின்றன. செவ்வகத்தின் மூலைவிட்டத்தில் இழுத்த கயிறு உண்டாக்கும் பரப்பு, இரு பக்கங்களும் தனித்தனியே உண்டாக்கும் பரப்புகளின் கூடுதல் என்று போதாயனரின் சூத்திரம் சொல்கிறது. அது நீளத்தின் தோராயம் பற்றிய பேச்சு இல்லை, சதுரங்களின் பரப்பைப் பற்றிய துல்லியமான கூற்று. ஐந்தாவது பதிலில் அட்டையால் செய்ததும் அதைத்தான்.

7. இயற்கணித முற்றொருமைகளுக்கும் இது உதவுமா?

உதவும். (அ+ஆ)² பாடநூலிலேயே இருக்கிறது, விட்டுவிடுகிறேன். ஒரே ஒரு எச்சரிக்கை: 10, 5 போன்ற நீளங்களை எடுக்காதீர்கள். ஒன்று மற்றொன்றின் மடங்கானால் தவறான துண்டுகள்கூட ஒன்றோடொன்று பொருந்தித் தொலைக்கும். 7, 4 நல்லது.

அ² − ஆ² சுவையானது. பெரிய சதுரத்தின் ஒரு மூலையிலிருந்து சிறிய சதுரத்தை வெட்டி எறியுங்கள். மிச்சமுள்ள மடங்கிய பட்டையை, உள்மூலையிலிருந்து எதிர் வெளிமூலைக்கு வெட்டினால் இரண்டு சரிவகங்கள். ஒன்றைப் பக்கத்தில் வைத்தால் செவ்வகம் வராது! இரண்டும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். ஒன்றைக் குப்புறத் திருப்பிப் போட்டால்தான் (அ+ஆ) நீளமும் (அ−ஆ) அகலமும் கொண்ட செவ்வகம் அமையும். இரு நிற அட்டையில் அந்தத் திருப்பல் பளிச்சென்று தெரியும். திருப்பாமலும் இதைச் செய்ய வேறு ஒரு வெட்டு உண்டு. அதை வீட்டுப்பாடமாகக் கொடுங்கள்.

8. வட்டத்தைத் துண்டுகளாக்கி மாற்றி மாற்றி அடுக்குகிறோம். ஓரம் வளைவாகத்தானே இருக்கிறது, அதைச் செவ்வகம் என்பது ஏமாற்று இல்லையா?

பெரும்பாலும் இதைக் கேட்பது எட்டாம் வகுப்புப் பிள்ளைகள். சரியான கேள்வி. எட்டுத் துண்டுகளில் அது செவ்வகம் இல்லை, பதினாறிலும் இல்லை, ஆயிரத்திலும் இல்லை. ஆனால் வளைவு எவ்வளவு என்று அளந்து பாருங்கள். ஆரம் 10 செ.மீ. என்றால், எட்டுத் துண்டுகளில் ஒவ்வொரு வில்லும் ஏறத்தாழ 7.6 மி.மீ. புடைத்திருக்கும். பதினாறில் 1.9 மி.மீ., முப்பத்திரண்டில் அரை மி.மீ. துண்டுகளை இரட்டிப்பாக்கும் ஒவ்வொரு முறையும் புடைப்பு நாலில் ஒன்றாகக் குறைகிறது. மூன்று மாதிரிகளையும் அடுத்தடுத்து வையுங்கள். ஒன்றை மட்டும் காட்டுவதுதான் ஏமாற்று. புடைப்பை எவ்வளவு சிறியதாக வேண்டுமானாலும் ஆக்கலாம் என்பதே வாதம். நுண்கணிதத்தில் எல்லை என்று பின்னால் படிக்கப்போவதும் அதுதான்.

கிடைக்கும் 'செவ்வகத்தின்' நீளம் அரைச் சுற்றளவு, உயரம் ஆரம், அதாவது அரை விட்டம். "வட்டத்தரை கொண்டு விட்டத்தரை தாக்க" என்று பழைய தமிழ்க் கணித நூலான கணக்கதிகாரத்தின் பெயரில் சொல்லப்படும் வரி இதே பெருக்கலைத்தான் சொல்கிறது: சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கு. அடுக்கி முடித்த அட்டைக்குப் பக்கத்தில் அந்த வரியை எழுதி வைத்தால் மனப்பாடம் தானாக நடக்கும்.

9. ஒரு மாதிரிக்கு ஒரு பாடவேளை போய்விடுகிறது. பாடத்தை எப்போது முடிப்பது?

வெட்டுவதுதான் நேரத்தைத் தின்கிறது, யோசிப்பது இல்லை. வெட்டிய துண்டுகளை உறையில் போட்டு, நாலைந்து பேருக்கு ஒன்றாகக் கொடுங்கள். முழு உருவத்தின் படத்தைக் காட்டாதீர்கள். பெரிகலின் மாதிரியென்றால் "இந்த ஐந்தையும் வைத்து ஒரு சதுரம்" என்று மட்டும் சொல்லுங்கள். பத்து நிமிடம் அடுக்குவதற்கு, பத்து நிமிடம் 'ஏன்' என்ற பேச்சுக்கு. மீதி நேரத்தில் கணக்குப் போடலாம்.

10. இதையெல்லாம் அனிமேஷனில் அழகாகக் காட்டுகிறார்களே?

காட்டுகிறார்கள். ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் முக்கோணத்தின் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தால் எல்லா முக்கோணங்களையும் பார்த்துவிடலாம். அட்டையால் அது முடியாது. ஆனால் திரையில் துண்டு தானாக நகர்ந்து தானாகப் பொருந்துகிறது. தவறான இடத்தில் வைத்து, பொருந்தாமல் விழித்து, கையை எடுக்கும் கட்டம் அங்கே கிடையாது. முதலில் அட்டை, பிறகு திரை என்பது என் கட்சி. பார்வைக் குறைபாடுள்ள மாணவர்களுக்குத் திரையால் பயனே இல்லை. ஓரம் ஒட்டிய தட்டில் ஃபோம் துண்டுகளைத் தடவிப் பொருத்த அவர்களால் நன்றாகவே முடியும்.

11. 8×8 சதுரத்தை நாலாக வெட்டி 5×13 செவ்வகம் ஆக்கினேன். 64 எப்படி 65 ஆனது?

ஆகவில்லை. உங்கள் நாலு துண்டுகளில் இரண்டு முக்கோணம், இரண்டு சரிவகம். செவ்வகத்தின் மூலைவிட்டத்தை உற்றுப் பாருங்கள். அங்கே சந்திக்கும் முக்கோணத்தின் சாய்வு 3/8, அதாவது 0.375; சரிவகத்தின் சாய்வு 2/5, அதாவது 0.4. இரண்டும் ஒரே கோட்டில் அமையாது. நடுவே மெல்லிய இணைகர வடிவில் ஓர் இடைவெளி விழுகிறது. அதன் பரப்பளவு சரியாக 1 சதுர செ.மீ., ஆனால் கிட்டத்தட்ட 14 செ.மீ. நீளத்துக்குப் பரவிக் கிடப்பதால் அகலமான இடத்தில்கூட ஒன்றரை மி.மீ. வராது. கட்டர் வெட்டின் பிசிறு என்று கண் மன்னித்துவிடும். திரையில் தடித்த கோடு போட்டு வரைந்தால் சுவடே தெரியாது.

5, 8, 13 மூன்றும் ஃபிபனாச்சி எண்கள், அதாவது முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது வரும் வரிசையில் உள்ளவை. அதே முறையில் 13×13 சதுரத்தை வெட்டினால் 8×21 வரும்: 169 போய் 168. இம்முறை துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். நாலாவது பதிலில் கண்ணை நம்பாதீர்கள் என்றேனே, அதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. பிதாகரஸ் மாதிரியை அடுக்கிய மறுநாளே இதைக் கொடுங்கள். "அதுவும் பொருந்தியது, இதுவும் பொருந்தியது, எதை நம்புவது?" என்று வகுப்பு சண்டை போட வேண்டும். பெரிகலின் துண்டுகளுக்கு நீளக் கணக்கு இருந்தது, இதற்கு இல்லை என்பதை அவர்களே சொல்லும்வரை வாயைத் திறக்காதீர்கள்.

12. எந்த உருவத்தையும் வெட்டிச் சதுரமாக்க முடியுமா?

நேர்கோட்டுப் பக்கங்கள் உள்ள எந்தப் பலகோணத்தையும் முடியும். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாலஸ், போயாய், கெர்வீன் ஆகிய மூவரும் தனித்தனியே இதைக் காட்டினார்கள். வழி உங்கள் கையிலேயே இருக்கிறது: பலகோணத்தை முக்கோணங்களாக வெட்டுங்கள், ஒவ்வொன்றையும் இரண்டாவது பதிலின்படி செவ்வகமாக்குங்கள், ஒவ்வொரு செவ்வகத்தையும் சதுரமாக்குங்கள் (இதற்கு மட்டும் ஒரு புதிய வெட்டு வேண்டும்), பிறகு ஐந்தாவது பதிலின்படி இரண்டிரண்டு சதுரங்களாகச் சேர்த்துக்கொண்டே போங்கள். துண்டுகள் ஏராளமாகும், ஆனால் முடிவுக்கு வந்துவிடும்.

குறைந்த துண்டுகளில் செய்வதுதான் கலை. சமபக்க முக்கோணத்தை நாலே துண்டுகளில் சதுரமாக்கும் வெட்டை ஆங்கிலப் புதிர்க்காரர் ஹென்றி டியூட்னி 1902இல் புதிராக வெளியிட்டுப் புகழ்பெறச் செய்தார். 1905இல் மஹாகனி மரத்தில் பித்தளைக் கீல் வைத்து லண்டன் ராயல் சொசைட்டியில் காட்டினார். துண்டுகளைத் திருப்பிப் போடாமல் மூன்றில் இதைச் செய்யவே முடியாது என்ற நிரூபணம் 2024 இறுதியில்தான் வந்தது. இதைச் செய்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: அடிப்பக்கத்தை 1:2:1 என்று பிரிக்கச் சொல்லும் படங்கள் நிறைய உலவுகின்றன. 20 செ.மீ. பக்கத்துக்கு அது 5, 10, 5. சரியான அளவு 4.91, 10, 5.09. முன்னதை வெட்டினால் வருவது, பக்கங்களுக்கிடையே ஏறத்தாழ 1.4 மி.மீ. வேறுபடும் செவ்வகம். பதினோராவது கேள்வியைப் படித்தவர்களுக்கு இது பழக்கமான வித்தைதான்.

13. பிரமிடின் கன அளவில் 1/3 வருவதையும் வெட்டிக் காட்டலாமா?

ஒரு வகைப் பிரமிடுக்குக் காட்டலாம். கனசதுரத்தை ஒரே அளவான மூன்று பிரமிடுகளாகப் பிரிக்க முடியும்; ஒவ்வொன்றுக்கும் அடி ஒரு சதுரம், உச்சி அடியின் ஒரு மூலைக்கு நேர்மேலே. 6 செ.மீ. கனசதுரத்துக்கு அட்டையில் வெட்ட வேண்டியவை: 6 செ.மீ. சதுரம் ஒன்று, 6-6-8.5 முக்கோணங்கள் இரண்டு, 6-8.5-10.4 முக்கோணங்கள் இரண்டு. இப்படி மூன்று செய்து மாணவர்களிடம் கொடுத்தால், அவை கனசதுரமாகக் கூடும் கணத்தில் வகுப்பில் சத்தம் கேட்கும். சீனக் கணிதர் லியூ ஹுயி 3ஆம் நூற்றாண்டிலேயே இந்தப் பிரமிடைக் கையாண்டிருக்கிறார்.

எல்லாப் பிரமிடுக்கும் இப்படி வெட்டலாமா என்றால், முடியாது. சம கன அளவுள்ள இரண்டு திண்மங்களில் ஒன்றை வெட்டி மற்றதாக்க எப்போதும் முடியுமா என்ற கேள்வியை ஜெர்மன் கணிதர் டேவிட் ஹில்பர்ட் 1900இல், விடை காணாத கணக்குகளின் தன் புகழ்பெற்ற பட்டியலில் மூன்றாவதாக வைத்தார். அவருடைய மாணவர் மாக்ஸ் டேன் அதே ஆண்டில் பதில் கண்டுவிட்டார்: ஒழுங்கு நான்முகியை (நான்கு முகங்களும் சமபக்க முக்கோணமான திண்மம்) எத்தனை துண்டாக வெட்டினாலும் கனசதுரமாக்க முடியாது. நீளமும் கோணமும் சேர்ந்த ஓர் அளவு, எப்படி வெட்டினாலும் மாறாமல் நிற்கிறது. அந்த அளவு இரண்டுக்கும் வேறு. பொதுவான பிரமிடுக்கு வகுப்பில் அரிசியை அளந்து கொட்டிக் காட்டுவதே வழி. அதை நிரூபணம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

14. அப்படியானால் வட்டத்தை வெட்டிச் சதுரமாக்க முடியுமா, முடியாதா? இரண்டு விதமாகவும் படித்திருக்கிறேன்.

இரண்டும் சரி, கேள்விகள்தான் வேறு. கத்தரியால் வெட்டக்கூடிய துண்டுகள் என்றால், வளைவாக வெட்டினாலும் முடியாது. இது 1963இல் நிரூபிக்கப்பட்டது. கத்தரியை மறந்து, புள்ளிகளை எப்படி வேண்டுமானாலும் தொகுக்கலாம் என்றால் முடியுமா என்று கணிதர் டார்ஸ்கி 1925இல் கேட்டார். முடியும் என்று ஹங்கேரியின் மிக்லோஷ் லாட்ஸ்கோவிச் 1990இல் காட்டினார். அவருடைய முறைக்குத் தேவைப்பட்ட துண்டுகளின் எண்ணிக்கை, ஒன்றுக்குப் பின்னால் ஐம்பது பூஜ்யம் போட்டால் வரும் அளவில் இருந்தது. அவை வரைந்து காட்டக்கூடிய துண்டுகளும் அல்ல. அட்டையில் செய்ய விரும்புபவர்களுக்கு எட்டாவது பதிலில் சொன்ன பதினாறும் முப்பத்திரண்டும்தான்.